சூப்பர்கொலைடர் லூப்பரில் முதல் அடுக்கு அழிவது குறித்து

வணக்கம். சூப்பர்கொலைடர் என்னும் ஒலி நிரல் மொழியில் நீங்கள் எழுதிய லூப்பரில் (பதிந்த ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் நிரல்), நான்கு விநாடி லூப்பின் மேல் இரண்டாவது குரலைப் பதியும்போது முதல் குரல் அழிந்துவிடுகிறது என்றும், லூப் மெட்ரோனோமை விட்டு விலகுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவதற்குக் காரணம், நீங்கள் மதிப்பு எதுவும் தராதபோது பதிவைச் செய்யும் ரெக்கார்ட்பஃப்பின் ப்ரீலெவல் (பழைய ஒலியை எந்த அளவில் வைப்பது என்னும் மதிப்பு) 0 ஆக இருப்பதுதான். பஃபரில், அதாவது ஒலியைத் தேக்கும் நினைவகப் பகுதியில், ஏற்கெனவே உள்ள ஒலியை அது 0 ஆல் பெருக்கிவிட்டுத்தான் புதியதைச் சேர்க்கிறது. 1 ஆக்கினால் பழையது அப்படியே நிற்கும். ஆனால் அடுக்குகள் கூடக்கூட ஒலி உச்சத்தை மீறும் என்பதால், பதியும் நேரத்தில் மட்டும் 0.9 அளவில் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பதிவை நிறுத்த, ரெக்கார்ட்பஃப்பை ஓடவோ நிற்கவோ வைக்கும் ரன் மதிப்பை 0 ஆக்காதீர்கள். எழுதும் இடம் அங்கேயே நின்றுவிட, பஃபரை ஒலிக்கவிடும் பிளேபஃப் வாசிக்கும் இடம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த அடுக்கு வேறோர் இடத்தில் போய் விழும். ரன் 1 ஆகவே இருக்கட்டும். அதற்குப் பதில் ரெக்லெவலை (புதிய ஒலியைப் பதியும் அளவு) 0, ப்ரீலெவலை 1 என மாற்றி, இரண்டுக்கும் 0.02 விநாடி லேக் (மதிப்பு சட்டென்று தாவாமல் படிப்படியாக மாறும் நேரம்) கொடுங்கள். பதிவு தொடங்கும்போதும் முடியும்போதும் கேட்கும் 'டிக்' சத்தமும் அடங்கும்.

விலகலுக்குக் காரணம் உங்கள் முதல் வரியிலேயே இருக்கிறது. பஃபர் நீளத்தை 44100 × 4 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய அளவீடு) என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒட்டியுள்ள போஸ்ட் விண்டோ (செய்திகள் தோன்றும் சாளரம்) வரியோ, ஒலியை உருவாக்கும் சர்வர் விநாடிக்கு 48000 சாம்பிளில் ஓடுவதைக் காட்டுகிறது. ஆகவே லூப் 3.675 விநாடியிலேயே திரும்பிவிடுகிறது. சர்வரின் சாம்பிள்ரேட்டையே (விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்னும் எண்) கேட்டு வாங்கி நான்கால் பெருக்குங்கள். சர்வர் பூட் ஆன பிறகே அந்த எண் கிடைக்கும் என்பதால், அந்த வரியை, சர்வர் பூட் ஆகும்வரை காத்திருந்து இயங்கும் வெயிட்ஃபார்பூட்டுக்குள் வையுங்கள்.