பழைய பருத்தி டி-ஷர்ட்டில் மின்சாரத்தைச் சேமிக்க முடியுமா?

முடியும், துணியைப் பக்குவமாகக் கரியாக்கினால். 2012-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் சியாவோடாங் லீயும் அவர் குழுவும், கடையில் வாங்கிய டி-ஷர்ட்டை ஃபுளோரைடு கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, ஆக்சிஜன் புகாத உலையில் சுட்டார்கள். பருத்தி என்பது செல்லுலோஸ் என்ற கார்பன் சேர்மம்தானே, சூட்டில் மற்றதெல்லாம் வெளியேறி கார்பன் மிஞ்சுகிறது. துணி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது, ஆனாலும் மடித்தால் உடையவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். இழைகளின் நுண்துளைகளில் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், ஒட்டிக்கொள்வதால் மின்னூட்டம் சேர்கிறது. அப்புறம் மாங்கனீசு ஆக்சைடை மெல்லிசாகப் பூசியதும் கொள்ளளவு இன்னும் கூடியது; ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கியும் திறன் 5 சதவீதத்துக்கு மேல் குறையவில்லை. சரி, போன் பேட்டரிக்குப் பதிலாக வைக்கலாமா? அதற்குப் போதாது. இது சூப்பர் கெபாசிட்டர். சட்டென்று சார்ஜ் ஏறும், ஆனால் லித்தியம் பேட்டரி அளவுக்கு ஆற்றலைத் தேக்காது.