தம்பியின் இரவு வேலையும் மனநிலையும்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. இருமுனை மனநோய், அதாவது பைபோலார் என்று கண்டறியப்பட்டு, இரண்டு ஆண்டுகளாக லித்தியம் சாப்பிட்டுவருகிறான். வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நேரத்துக்கு இரவு வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறுகளில் எங்களோடு பகலில் விழித்திருக்கிறான். மருத்துவரோ மாத்திரையைவிடத் தூக்க நேரத்தைப் பற்றியே அதிகம் விசாரிக்கிறார். தூக்கம் கெடுவதால் நோய் வருகிறதா, நோயால் தூக்கம் கெடுகிறதா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் நடக்கின்றன. மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிட்டுச் செல்லும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால், கண்ணுக்குள் விழும் காலை வெளிச்சம் அதை நாள்தோறும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் தம்பியோ ஐந்து நாள் ஒரு நேரத்துக்கும் இரண்டு நாள் வேறொரு நேரத்துக்கும் வாழ்கிறார். விமானம் ஏறாமலேயே வாரந்தோறும் அமெரிக்கா போய்த் திரும்புகிறார் என்றே சொல்லலாம்.

பிரிட்டனில் 91,105 பேரின் மணிக்கட்டில் அசைவுமானியைக் கட்டி ஒரு வாரம் பதிவுசெய்த ஆய்வு 2018இல் வெளியானது. பகல் சுறுசுறுப்புக்கும் இரவு ஓய்வுக்கும் இடையே வேறுபாடு குறைவாக இருந்தவர்களிடம் மனச்சோர்வும் இருமுனை நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. எது முதலில் வந்தது என்பதை அந்த ஆய்வைக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் தூக்கம் மனநிலையை நேரடியாக அசைக்கும் என்பதற்கு வேறு சான்று உண்டு. கடும் மனச்சோர்வில் இருப்பவரை ஓர் இரவு முழுக்க விழித்திருக்கச் செய்தால், பாதிப் பேருக்கு மறுநாளே மனம் தெளிகிறது. அடுத்து நன்றாகத் தூங்கியதும் பெரும்பாலோருக்குச் சோர்வு திரும்பிவிடுகிறது. அதே விழிப்பு, இருமுனை நோய் உள்ளவரை எழுச்சி நிலைக்கு, அதாவது மனச்சோர்வுக்கு நேரெதிரான மிகைக் கிளர்ச்சிக்கு, தள்ளிவிடக்கூடும். கல்யாண வீட்டில் இரண்டு இரவுகள் கண் விழித்ததிலிருந்துதான் தொடங்கியது என்று குடும்பத்தார் சொல்வதை மருத்துவர்கள் அலட்சியம் செய்வதில்லை.

இதற்கென்றே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் குழுவினர் ஒரு பேச்சு சிகிச்சையை உருவாக்கினார்கள். மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டிய அந்தச் சிகிச்சையின் முக்கியமான கருவி ஒரு குறிப்பேடுதான். படுக்கையை விட்டு எழுந்தது, முதல் மனிதரோடு பேசியது, வேலையைத் தொடங்கியது, இரவு உணவு, படுத்தது ஆகிய ஐந்தின் நேரங்களையும் நாள்தோறும் எழுதிவர வேண்டும். பழைய நாட்காட்டியின் பின்பக்கமே போதும். ஒரு மாதம் எழுதினால், எந்த வாரத்தில் ஒழுங்கு குலைந்தது, அதற்குப் பின் மனம் எப்படி இருந்தது என்பது மருத்துவருக்கும் தம்பிக்கும் கண்ணெதிரே தெரியும். நிறுவனத்தில் பகல் வேலை கேட்பதுதான் நல்லது. மருத்துவரின் கடிதம் அதற்கு உதவும். அது கிடைக்கும்வரை விடுமுறை நாட்களிலும் படுக்கும் நேரத்தை இயன்றவரை மாற்றாமல் இருக்கட்டும். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவரை எழுப்ப வேண்டாம். கடைகளில் விற்கும் பிரகாசமான ஒளிவிளக்குகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்கித் தரவும் வேண்டாம், அவையும் எழுச்சியைத் தூண்டக்கூடும்.

ஒன்றை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். தூக்கம் வராமல் புரண்டு, மறுநாள் களைத்துக் கிடப்பது வேறு. மூன்று மணி நேரமே தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் விறுவிறுவென்று பேசிக்கொண்டு புதுப்புதுத் திட்டங்கள் போடுவது வேறு. இரண்டாவது வகை இரண்டு நாட்கள் தொடர்ந்து தென்பட்டால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.