நறுக்கும்போது ஆடாத நகரும் நடுமேடை

கேள்வி: எங்கள் சமையலறையின் நடுவில் வைத்துக்கொள்ள, நான்கு கால்களின் அடியிலும் சக்கரம் பொருத்தி ஒரு மேசை செய்தேன். மேல்பலகை 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். சக்கரங்களைப் பூட்டிய பிறகும் காய் நறுக்கினால் ஆடுகிறது. மாவு பிசைந்தால் மெல்ல நகர்கிறது. உறுதியாக நிற்கவும் வேண்டும், தேவைப்படாத நேரத்தில் ஓரமாகத் தள்ளிவைக்கவும் வேண்டும். புதிதாகச் செய்வதென்றால் எப்படிச் செய்வது?

பதில்: ஆடுவது ஒரு நோய், நகர்வது வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. புதிதாகச் செய்யும் முன் பழையதிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். சக்கரங்களைக் கழற்றி, மேசையைத் தரையில் நிறுத்தி, மேல்பலகையின் ஓரத்தைப் பிடித்து நீளவாக்கில் அசைத்துப் பாருங்கள். அப்போதும் ஆடினால் குறை சட்டகத்தில் இருக்கிறது. நான் பார்த்த மேசைகளில் பெரும்பாலும் அப்படித்தான். பழி மட்டும் சக்கரத்தின் மேல் விழும்.

நான்கு கால்களை மேலே மட்டும் சட்டங்களால் இணைத்தால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அது அடிப்பக்கம் திறந்த ஒரு செவ்வகம். ஓரத்தில் தள்ளினால் அப்படியே சரியப் பார்க்கும். அதைத் தடுப்பது மூலைப் பொருத்து ஒன்றுதான். அந்தப் பொருத்திலும் சட்டத்தின் முனைக்குள் நேராகத் திருகாணி ஏற்றியிருந்தால் பிடிப்பு சொற்பம். மரத்தின் இழை வந்து முடிகிற வெட்டுமுகத்தில் திருகாணியும் நிற்காது, பசையும் நிற்காது. சில மாதம் நறுக்கினால் துளை பெரிதாகிவிடும்.

மூன்று விஷயங்களைச் செய்தால் இது தீரும். முதலாவது, மேல்சட்டங்களை ஆழமாக வையுங்கள்; 10 செ.மீ. உயரமுள்ள சட்டம் 5 செ.மீ. சட்டத்தைவிடப் பன்மடங்கு விறைப்பாக நிற்கும். சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, காலில் அதற்கேற்ற துளையிட்டுப் பசையோடு செருகினால் மேலும் நல்லது. அது கைவராவிட்டால், காலின் வழியாகப் போல்ட் விட்டு உள்ளே நட்டு போட்டு முறுக்குங்கள். இரண்டாவது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இன்னொரு சுற்றுச் சட்டம் கொடுத்து, அதன்மேல் கீழ்த்தட்டைப் பதியுங்கள். மூன்றாவதுதான் உண்மையான வைத்தியம்: ஒரு நீளப் பக்கத்தையும் இரண்டு குறுகிய பக்கங்களையும் 12 மி.மீ. பிளைவுட்டால் மூடி, பசை தடவி, சட்டங்களிலும் கால்களிலும் 10 செ.மீ.க்கு ஒரு திருகாணி போடுங்கள். பசை இறுகும் முன் மூலைக்கு மூலை அளந்து, இரண்டு குறுக்களவும் சமமாக இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். திறந்த அலமாரி அழகாக இருக்கும் என்று பலரும் இந்தப் பலகையைத் தவிர்த்துவிடுகிறார்கள். அழகுக்காக அதை விட்டால், ஆட்டத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இனி நகரும் நோய். சாதாரண பூட்டு உருளையை மட்டுமே நிறுத்தும். சக்கரம் செங்குத்து அச்சில் இடவலமாகத் திரும்புவதை அது தடுக்காது. அதனால்தான் பூட்டிய பிறகும் பிசையும்போது மேசை நெளிகிறது. உருளையையும் திருப்பத்தையும் ஒன்றாகப் பிடிக்கும் பூட்டு தனியாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். 75 மி.மீ.க்குக் குறைந்த விட்டம் வேண்டாம், தரையோட்டின் இடுக்குகளில் தடுக்கும். கடின நைலான் உருளை இரைச்சலிடும், தரையையும் கீறும். பாலியூரித்தேன் பூச்சுள்ளது நல்லது.

எடைக் கணக்கை நான்கால் வகுக்காதீர்கள், மூன்றால் வகுங்கள். தரை எங்கும் சமமாக இருப்பதில்லை. எப்போதும் ஒரு சக்கரம் கொஞ்சம் சும்மா இருக்கும். உங்கள் அளவில் 38 மி.மீ. தடிமனுள்ள கெட்டி மரப்பலகை ஏறத்தாழ 16 கிலோ வரும். சட்டகம் 25, பாத்திரங்கள் 40, சாய்ந்து பிசைபவரின் எடையில் ஒரு பங்கு 40 என்று வைத்தால் மொத்தம் 121 கிலோ. ஆக ஒவ்வொரு சக்கரமும் 40 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். 60 தாங்குவதை வாங்கினால் நிம்மதி. கிரானைட் மேல்பலகை ஆசையிருந்தால், 20 மி.மீ. தடிமனிலேயே அது 32 கிலோ. அவ்வளவு எடை உச்சியில் உட்காரும் என்பதையும் யோசியுங்கள்.

காலின் அடியில் துளையிட்டுக் கம்பி செருகும் வகைச் சக்கரம் வேண்டாம். கால் பிளக்கும், கம்பி தளரும். தட்டுள்ள சக்கரமாக வாங்கி, அடியில் 18 மி.மீ. பிளைவுட் கொடுத்து, மூலைகளில் மரக்கட்டை வைத்துப் பருமனாக்கி, ஊடே போல்ட் விட்டு வாஷரோடு முறுக்குங்கள்.

என்னைக் கேட்டால், நறுக்கும் மேசை சக்கரத்தில் நிற்கவே கூடாது. மிதிக்கட்டையை அழுத்தினால் மட்டும் தரையைத் தொட்டு மேசையைத் தூக்கும் சக்கரங்கள் உண்டு. தச்சர்களின் வேலைமேசைக்காக வந்தவை. மற்ற நேரமெல்லாம் மேசை தன் சொந்தக் காலில் நிற்கும். இதைவிட எளிய வழி, ஒரு முனையில் மட்டும், இடவலமாகத் திரும்பாத சக்கரங்கள் இரண்டைத் தரைக்கு 3 மி.மீ. மேலே, கால்களுக்கு வெளிப்புறமாகப் பொருத்துவது. மறுமுனையைத் தூக்கினால் மேசை சாய்ந்து சக்கரத்தில் ஏறும்; தள்ளுவண்டிபோல் உருட்டலாம். ஆனால் எடையில் ஏறத்தாழ பாதியைத் தூக்க வேண்டியிருக்கும். வீட்டில் முதியவர்கள் இருந்தால் மிதிக்கட்டையே சரி.

உயரத்துக்கு ஊரார் அளவு 90 செ.மீ. உங்கள் அளவு அதுவல்ல: நின்று முழங்கையை மடக்கி, அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே. சக்கரத்தை முதலில் வாங்கி, அதன் முழு உயரத்தை அளந்து கழித்த பிறகே கால்களை வெட்டுங்கள். சுற்றி நடக்க 90 செ.மீ. இடைவெளி வேண்டும்.

கவிழ்வதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பும் சக்கரங்கள் உள்பக்கமாகத் திரும்பி நின்றால், மேசை தரையைத் தொடும் அகலம் சில செ.மீ. குறைந்துவிடும். அதனால் மேல்பலகையை வெளியே நீட்ட வேண்டாம். கனமான பாத்திரங்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். இழுப்பறைக்குத் தாழ் இல்லாவிட்டால், மேசையை உருட்டும்போது அது தானே திறந்து முன்னுக்கு இழுக்கும்.

மேல்பலகை கெட்டி மரமென்றால், ஈரக் காலத்தில் அகலவாக்கில் சில மில்லிமீட்டர் விரியும். சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிட்டால் வெடிக்கும். நீள்துளை வழியாகத் திருகாணி போட்டு, நகர இடம் விடுங்கள். எண்ணெயை மேலும் கீழும் இரண்டு முகத்திலும் பூசுங்கள். ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால் பலகை வளையும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடியது. வெளியே விரித்து நன்றாக உலர்த்திய பிறகு எறியுங்கள்.