ஏழை நாடு ஒன்று முடியாட்சியை ஒழிக்க வேண்டுமா?

நாடு ஏழை என்பது மட்டுமே அரசரை நீக்கப் போதுமான காரணம் ஆகாது. அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, அவர் போனபின் அது யாரிடம் சேரும் என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை. அரண்மனைச் செலவு மிச்சமாகும் என்ற வாதம் கேட்க நன்றாக இருந்தாலும், குடியரசுத் தலைவருக்கும் மாளிகையும் மெய்க்காவலும் வேண்டியிருப்பதால் அது வலுவானதன்று. தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறு நாடான லெசோத்தோவின் அரசர் பெரும்பாலும் பெயரளவிலான தலைவர்; அவரை நீக்குவதால் அங்குள்ள வறுமை குறைந்துவிடப் போவதில்லை.

முன்பு சுவாசிலாந்து எனப்பட்ட ஆப்பிரிக்க நாடான எசுவாத்தினியின் நிலை வேறு. 1973-இல் மன்னர் இரண்டாம் சோபுசா அரசியலமைப்பை ரத்து செய்து கட்சிகளைத் தடை செய்தார். 2005-இல் புதிய அரசியலமைப்பு வந்த பின்னரும் பிரதமரை மன்னரே நியமிக்கிறார், வேட்பாளர்கள் கட்சியின் பெயரில் நிற்க இயலாது. வரவுசெலவைக் கேள்வி கேட்கும் வலிமை நாடாளுமன்றத்துக்கு இல்லாத இத்தகைய நாட்டில் மாற்றம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் மாற்றும் முறை முக்கியம். எத்தியோப்பியாவில் வொல்லோ மாகாணத்தின் பஞ்சத்தை மறைத்ததால் மதிப்பிழந்த பேரரசர் ஹைலி செலாசியை 1974-இல் இராணுவம் கவிழ்த்தது. அதன்பின் வந்தது மக்களாட்சியன்று, தெர்க் என்னும் இராணுவக் குழுவின் கொடுங்கோன்மை, பத்தாண்டுக்குள் இன்னும் பெரிய பஞ்சம். நேபாளமோ மக்கள் எழுச்சிக்குப் பின், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியலமைப்பு அவையின் வழியாக 2008-இல் குடியரசானது. அரசாங்கங்கள் அடிக்கடி கவிழ்ந்தாலும் (அது வேறு தலைவலி), அங்கே தேர்தல் நிலைத்தது. அதே ஆண்டில் பூட்டான், மன்னரை வைத்துக்கொண்டே, அவர் 65 வயதில் பதவி விலக வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது. ஆகவே மன்னர் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தால் பூட்டானின் வழியே மலிவானது; மறுத்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று முடியாட்சியை ஒழிப்பதே நியாயம்.