ரீஃபர் யூனிட் கோடு 19 காட்டி நிற்கிறது: சுவிட்சை பைபாஸ் செய்யலாமா?

"அண்ணே, துபாயிலிருந்து ரியாதுக்கு உறைந்த கோழி ஏற்றிப் போகிறேன். ட்ரெய்லரைக் குளிர வைக்க இருப்பது தனி டீசல் எஞ்சினோடு வரும் தெர்மோ கிங் எஸ்பி ரீஃபர் யூனிட், கொஞ்சம் பழசு. ஒரு வாரமாக அலாரம் கோடு 19, அதாவது ஆயில் பிரஷர் குறைவு என்று காட்டி எஞ்சின் நின்றுவிடுகிறது. ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் ஃபுல்லாக இருக்கிறது. அலாரத்தை கிளியர் செய்து ஸ்டார்ட் செய்தால் அரை மணி, முக்கால் மணி ஓடிவிட்டு மறுபடி நிற்கிறது. ஆயில் பிரஷரைக் கண்காணிக்கிற சுவிட்ச்தான் போயிருக்கும், ஒயரை பைபாஸ் பண்ணிட்டு ஓட்டு, திரும்பி வந்ததும் பார்த்துக்கலாம் என்கிறார் ஃபோர்மேன். செய்யலாமா?"

செய்யாதீர்கள் தம்பி. சுவிட்ச் போயிருக்கவும் வாய்ப்பு உண்டுதான், நானே எத்தனையோ யூனிட்டில் வெறும் சுவிட்சை மாற்றி அனுப்பியிருக்கிறேன். ஆனால் சுவிட்ச்தான் என்று உறுதியாகத் தெரியாமல் அதை பைபாஸ் செய்தால், ஒருவேளை நிஜமாகவே பிரஷர் இல்லையென்றால், பேரிங் பிடித்துக்கொள்ள சில நிமிடம் போதும். அதற்கப்புறம் ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது, எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். அதுவும் அமீரக எல்லையான குவைஃபாத்தைத் தாண்டி, சவூதிப் பக்கம் பத்தா பார்டர் வரிசையில், ஆகஸ்ட் வெயிலில், பின்னால் ஒரு ட்ரெய்லர் கோழியோடு நிற்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோடு 19 வந்தால் யூனிட்டின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பிரஷர் போதாது என்று சுவிட்ச் பக்கமிருந்து தகவல் வருகிறது. பிரஷரே இல்லாமல் இருக்கலாம், பிரஷர் இருந்தும் சுவிட்ச், ஒயர், கனெக்டர் ஏதாவது ஒன்று பொய் சொல்லலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரே ஒரு சாமான்தான் வேண்டும், ஹோஸ் வைத்த ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ், 0 முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டுவது. ஆயில் பம்ப் மாற்றிப் பார்க்கலாமா, ஃபில்டர் மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிப்பதெல்லாம் இந்தக் கேஜை மாட்டிய பிறகுதான்.

மாட்டும்போது இரண்டு விஷயத்தில் கவனம். சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜை மட்டும் போட்டால் சுவிட்ச் தன் வேலையைச் செய்ய முடியாது, அதனால் ஒரு டி ஃபிட்டிங் போட்டு ஒரு பக்கம் சுவிட்ச், இன்னொரு பக்கம் கேஜ் என்று வையுங்கள். இன்னொன்று மரை. 1/8 இன்ச் மரையில் அமெரிக்க மரை இன்ச்சுக்கு 27, பிரிட்டிஷ் மரை 28. பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டு சுற்று உள்ளேயும் போகும், அப்புறம் இறுகும். அந்த இடத்தில் ஸ்பானர் போட்டுப் பலவந்தமாக முறுக்கினால் பிளாக்கில் இருக்கிற மரை போய்விடும். கையால் மூன்று நான்கு சுற்று லேசாகப் போகவில்லையென்றால் அது உங்கள் ஃபிட்டிங் இல்லை.

இப்போது எஞ்சினை நன்றாகச் சூடாக்கிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த ரீடிங் எதற்கும் உதவாது, கெட்டுப்போன எஞ்சின்கூட குளிர்ந்திருக்கும்போது நல்ல பிரஷர் காட்டும். எஸ்பி வரிசையில் பரவலாக வருகிற டிகே 486 எஞ்சினில் (யான்மார் செய்தது) லோ ஸ்பீடில், அதாவது 1450 ஆர்பிஎம் அளவில், குறைந்தது 18 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். ஹை ஸ்பீடில் 2200 அளவில் 45 முதல் 57 வரை. கேரியர் யூனிட் வைத்திருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கு: குபோட்டா எஞ்சினில் ஹை ஸ்பீடில் 40 முதல் 60 வரை. இரண்டு கம்பெனியிலும் சுவிட்ச் வேலை செய்வது கிட்டத்தட்ட 15, 17 பிஎஸ்ஐ பக்கத்தில்தான். உங்கள் யூனிட்டின் சீரியல் நம்பருக்கான மேனுவலில் வேறு எண் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

இந்த எண்களைப் பார்த்தால் உங்கள் "அரை மணி" கதைக்கு ஒரு காரணம் தெரியும். லோ ஸ்பீடில் பிரஷருக்கும் சுவிட்ச் நிறுத்தும் அளவுக்கும் இடையே இடைவெளியே இல்லை. ஸ்டார்ட் ஆனதும் யூனிட் ஹை ஸ்பீடில் ஓடி குளிரை இழுக்கிறது, அப்போது பிரஷர் தாராளமாக இருக்கும். பெட்டி செட் பாயின்ட்டுக்கு, அதாவது நீங்கள் வைத்த குளிர் அளவுக்குப் பக்கத்தில் வந்ததும் லோ ஸ்பீடுக்கு இறங்குகிறது, அதற்குள் ஆயிலும் கொதித்து இளகியிருக்கிறது, பிரஷர் 20லிருந்து 14க்கு விழுந்தாலே அலாரம்தான். அதனால் அடுத்த முறை நிற்கும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள், ஹை ஸ்பீடில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றதா, ஸ்பீடு இறங்கிய கொஞ்ச நேரத்தில் நின்றதா என்று. இறங்கியதும் நின்றால் நான் ஆயில் பக்கம்தான் சந்தேகப்படுவேன். ரோட்டில் குலுங்கும்போது மட்டும் நிற்கிறது, நிறுத்தி வைத்திருந்தால் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் ஒயர் பக்கம்.

கேஜில் பிரஷர் சரியாக இருந்தால் விஷயம் லேசு. சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்ச் உள்ளுக்குள் கிழிந்து கசிகிறது, வேறு சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து எஞ்சின் நிற்கும்போது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி காட்டினால் சுவிட்ச் செத்துவிட்டது. அதுவும் சரியென்றால் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், எஞ்சின் அதிர்வில் பிராக்கெட்டில் உரசி உரசித் தோல் போன இடம் எங்காவது கிடைக்கும்.

கேஜிலும் பிரஷர் குறைவு என்றால் முதலில் ஆயிலைப் பாருங்கள். ஸ்டிக்கில் ஃபுல் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பழைய எஞ்சின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும். நீங்கள் கடைசியாக எப்போது ஆயில் ஊற்றினீர்கள்? பல வாரமாக ஊற்றவே இல்லை, ஆனாலும் ஃபுல், அல்லது முன்பைவிட மேலே ஏறியிருக்கிறது என்றால் உள்ளே டீசல் இறங்குகிறது. ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், விரலில் தேய்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு டிஷ்யூ பேப்பரில் விட்டு அரை மணி கழித்துப் பாருங்கள்: நடுவில் கறுப்பும் சுற்றிலும் வெளிறிய, எண்ணெய் ஊறிய வளையம் அகலமாகவும் பரவியிருந்தால் டீசல்தான். இன்ஜெக்டர் ஒழுகுவது, இன்ஜெக்ஷன் பம்ப் சீல் போவது, ஃபீட் பம்ப் உள்பக்கமாகக் கசிவது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், மறுபடி 19 வரும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, அதற்கு மேல் ஓட்டவே கூடாது. ஃபுல் கோட்டைத் தாண்டி நிறைய ஊற்றியிருந்தாலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்குப் பிரஷர் நிற்காது.

ஆயில் நல்ல ஆயில்தான், 15 டபிள்யூ 40 தான், ஃபில்டரும் சரியான நம்பர்தான் என்றால் அடுத்து நான் பார்ப்பது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் பேனுக்குள் இருக்கும் சல்லடை. நான் வேலை பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேன் கேஸ்கெட் கசிகிறது என்று யாரோ சிலிக்கானை அள்ளிப் பூசி மாட்டியிருந்தார்கள். உள்பக்கம் பிதுங்கியது துண்டு துண்டாக உதிர்ந்து சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. ஓடினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரஷர் இறங்கும், நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் உறிஞ்சல் இல்லாமல் துண்டுகள் கீழே விழும், மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் நன்றாக இருக்கும். இரண்டு சுவிட்சும் ஒரு பம்பும் மாற்றிய பிறகுதான் பேனைக் கழற்றினோம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உங்கள் யூனிட்டில் சமீபத்தில் யாராவது பேனைக் கழற்றினார்களா என்று ஃபோர்மேனிடம் கேளுங்கள். அதிகப்படியான பிரஷரைத் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தே நின்றாலும் பிரஷர் விழும், அப்போது ஹை ஸ்பீடிலும் ஏறாது.

பேரிங் தேய்மானம் கடைசியில். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் காட்டுங்கள். செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் கெட்டியான ஆயிலை ஊற்றிப் பிரஷரைக் காட்டவைக்கலாம், சிலர் செய்கிறார்கள், யூனிட்டை விற்கிறவர்கள் முக்கியமாகச் செய்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் ஃபோர்மேனிடம் கேளுங்கள், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறார்கள் என்று. லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு, ரீஃபருக்கு மணிக்கணக்கு. உறைந்த சரக்கோடு நிற்காமல் ஓடினால் பத்தே நாளில் 240 மணி நேரம் ஆகிவிடுகிறது. இரண்டு லிட்டர் சொச்சம் எஞ்சினுக்கு 12, 13 லிட்டர் ஆயில் பிடிக்கிற பேன் வைத்திருப்பதே இப்படி ஓடுவதால்தான். லாரி சர்வீஸுக்குப் போகும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ரீஃபர் எஞ்சின் எப்போதோ கெடு தாண்டியிருக்கும்.

இப்போதைக்கு, லோடு உள்ளே இருக்கும்போது நின்றால் திரும்பத் திரும்ப கிளியர் செய்து ஓட்டாதீர்கள். கதவைத் திறக்காதீர்கள், நன்றாக உறைந்த முழு லோடு சில மணி நேரம் தாங்கும். பெட்டி டெம்பரேச்சரை நேரத்தோடு எழுதி உடனே ஆபீசுக்கு அனுப்புங்கள், நாளைக்குச் சரக்கு ரிஜெக்ட் ஆனால் உங்கள் பக்கம் பேச அந்தப் பேப்பர்தான் இருக்கும். உங்கள் யூனிட்டில் எலக்ட்ரிக் ஸ்டான்ட்பை மோட்டார் இருக்கிறதா என்றும் பாருங்கள், மாடல் பெயரில் 50 என்று இருந்தால் இருக்கும். த்ரீ ஃபேஸ் கரன்ட் கிடைக்கிற யார்டில் பிளக் போட்டால் எஞ்சின் சுற்றாமலே குளிர் போகும், கேஜ் வாங்கி வரும்வரை கோழி பத்திரமாக இருக்கும். சூடான எஞ்சினில் லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு இரண்டு ரீடிங்கையும் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எதைக் கழற்றுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.