அலுவலகத்தைச் சுத்தம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது?

அடிப்படை 'வேலை வேகம்'. அதாவது, ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதுர அடி முடிப்பார் என்பது. உதாரணமாக 6,000 சதுர அடி, மணிக்கு 2,000 என்றால் 3 மணி நேரம்.

ஆனால் வேகம் இடத்துக்கு இடம் மாறும். வெறும் கூடத்தில் மாப் தடையில்லாமல் ஓடும். மேசை, நாற்காலி, ஒயர் நிறைந்த அறையில் ஒவ்வொன்றையும் நகர்த்தித் துடைக்க வேண்டும். காலிச் சாலையில் நடப்பதற்கும் கூட்டத்துக்குள் புகுந்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கழிவறைக்குச் சதுர அடிக் கணக்கே உதவாது. சின்ன இடம், நிறைய வேலை. அங்கே கோப்பை, வாஷ்பேசின் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கூட்டுங்கள். அப்புறம் தண்ணீர் பிடிப்பது, குப்பையை வெளியே கொண்டுபோவது, மாடி ஏறி இறங்குவது: பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஆளை இரட்டிப்பாக்கினால் நேரம் சரிபாதியாகும் என்று நினைக்க வேண்டாம். ஒரே குழாய், ஒரே இயந்திரம் என்றால் ஒருவர் காத்துத்தான் நிற்பார்.