மூளை இல்லை என்று எழுதாதே

அன்புள்ள அண்ணா,
எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நிகழ்தகவில் பிஎச்.டி. செய்ய ஆசை. வீட்டில் டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேரச் சொல்கிறார்கள். எனக்கு ராமானுஜன் மூளையெல்லாம் கிடையாது. நெட் தேர்வுக்கு இப்போதே படிக்கலாமா?
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

நெட்டுக்குப் படி, இதற்கு ஒரு கடிதமே தேவையில்லை. டேட்டா சயின்ஸுக்காக வீட்டில் சண்டை போடாதே, அதற்கும் அடியில் இருப்பது நிகழ்தகவுதான். ஆனால் அந்த ராமானுஜன் வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ராமானுஜனே 1913இல் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்கு எதற்குக் கடிதம் எழுதினார்? தான் செய்வது புரிகிற ஒரு ஆள் வேண்டும் என்றுதானே!

சில நாட்களாக நிகழ்தகவு மேதை எஸ்.ஆர்.எஸ். வரதனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் 1940இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் முடித்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போனபோது அவர் நினைத்திருந்தது ஏதோ தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அங்கே மூத்த மாணவர்களாக இருந்த கே.ஆர். பார்த்தசாரதியும் ரங்கா ராவும்தான் அவரைக் கணிதத்துக்குள் இழுத்துப் போட்டார்கள், மூவரும் சேர்ந்து கட்டுரையும் எழுதினார்கள். சி.ஆர். ராவிடம் முனைவர் பட்டம், 1963இல் நியூயார்க்கின் கூரன்ட் கணித ஆய்வு நிறுவனம். அங்கே ஸ்ட்ரூக், அப்புறம் டான்ஸ்கர் என்று வருடக்கணக்கில் சேர்ந்து வேலை செய்ய ஆட்கள். 2007இல் கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஏபல் பரிசு. தனியாக எழுதியதும் நிறைய உண்டு, ஆனால் பேச ஆள் இல்லாத ஊரில் அவர் இருந்ததே இல்லை.

பரிசு வாங்கிக் கொடுத்த பெரும் விலகல் கோட்பாட்டை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. நாணயத்தை 100 முறை சுண்டினால் 60 தலையோ அதற்கு மேலோ விழ வாய்ப்பு நூற்றுக்கு மூன்று. 1000 முறை சுண்டி 600 தலை விழ நூறு கோடியில் ஒன்றுகூட இல்லை. அரிதான ஒன்று நடக்கும் வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சரிகிறது பார்! அந்த வேகத்தை அளப்பதும், அப்படி ஒன்று நடந்தே விட்டால் எந்த வழியாக நடந்திருக்கும் என்று சொல்வதும்தான் விஷயம்.

என் கல்லூரியில் எப்சிலான்-டெல்டா, அதாவது எல்லை (limit) என்பதன் வரையறை, நடத்தியபோது ஏன் இப்படி வரையறுக்க வேண்டும் என்று எழுந்து கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார் ஆசிரியர். மூன்று வருடம் வாயே திறக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்தவனுக்கும் அதே கேள்வி இருந்தது என்று இருபது வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது, சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. அன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் இருவருமே கணிதத்தை விட்டிருக்க மாட்டோம் என்று இப்போதும் நம்புகிறேன்.

அதனால் மூளையை அளந்துகொண்டு உட்காராதே. உன் வகுப்பில் நிகழ்தகவுக்கு அடித்தளமான அளவைக் கோட்பாடு (measure theory) பிடித்த ஒருவராவது இருப்பார். நாளைக்கே போய் ஒரு கணக்கைக் காட்டிப் பேசு, என்ன பேசினீர்கள் என்று எனக்கு எழுது.